ஒப்பித்தல், கூலி, தேர்ச்சி: கரிசல் பள்ளிக்கூட வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

'ஒப்பித்தல்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். கோவில்பட்டி வட்டாரத்தில் பாடத்தை மனசிலிருந்து சொல்வதற்கு இன்றைக்கும் அதுதான் பேச்சு. 'ஒப்பிச்சிட்டியாலே?' என்று கேட்டால் பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இதன் எழுத்து வடிவமான 'ஒப்புவித்தல்' அகராதியில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, பாடம் சொல்லுதல். இன்னொன்று, ஒருவரிடமிருந்து வந்த பொருளை அல்லது பொறுப்பை உரியவர் கையில் சேர்த்தல். வாங்கியது குறையாமல் திரும்பி வந்ததா என்று பார்ப்பதுதான் வாங்குகிறவரின் வேலை. கொண்டுவந்தவர் வழியில் என்ன நினைத்தார் என்பது அங்கே கேள்வியே இல்லை.

கல்வியாய்வுக்காரர்கள் இப்போது 'பின்னூட்டம்' என்ற சொல்லைப் புழங்குகிறார்கள். அது பள்ளிக்கூடத்தில் பிறந்த சொல் அல்ல. மின் கருவிகளின் வெளியீட்டில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே செலுத்தி ஓட்டத்தைச் சரிசெய்கிற பொறியியல் உத்திக்கு வைத்த பெயர். நார்பர்ட் வீனர் 1948இல் 'சைபர்னெடிக்ஸ்' எழுதிய பிறகு மனிதர், விலங்கு, எந்திரம் எல்லாவற்றுக்கும் பொதுவான கருத்தாக ஆகி, அங்கிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. பின்னூட்டம் என்றால் பதில் சொன்னவனிடமே ஏதோ ஒன்று திரும்பிப் போக வேண்டும். ஒப்பித்தலில் சரக்கு மேலே போகிறது. பின்னூட்டத்தில் ஏதோ ஒன்று கீழே வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலான இடைவெளியைத்தான் கரிசலில் வைத்துப் பார்க்க முயல்கிறேன். பிள்ளை சொன்ன பதில் யாருடைய சொத்து? அதற்கு விலை போட்டவர் யார்? அந்த விலை யாருடைய மடிக்குப் போனது?

*

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பற்றி நமக்குக் கிடைக்கிற பழைய ஆவணங்கள் பெரும்பாலும் கும்பினி அதிகாரிகள் எழுதியவை. 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லா கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களை நூலாக வெளியிட்ட பிறகு, 'வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லோரும் படித்திருந்தோம்' என்று ஒரு கதையாடலே கிளம்பிவிட்டது. அந்த எண்களுக்குள் யார் இல்லை என்பதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

அந்த அறிக்கைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பியது. பெல்லாரியும் நம்மூர் போலக் கரிசல் மண், பருத்திக் காடு, வானம் பார்த்த விவசாயம். காலையில் பள்ளிக்கு முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சுன்னம்: புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவதற்கு மெல்ல ஒரு அடி, நான்காவதற்கு இரண்டு, அடுத்தடுத்து ஒவ்வொன்று கூட. நம் மதிப்பெண் பட்டியலின் முழு இலக்கணமும் இந்த உள்ளங்கையில் இருக்கிறது. ஒருவனுக்குத் தெய்வம், ஒருவனுக்குச் சுழி, மிச்சப்பேருக்கு வரிசை எண் அடி. பாடம் தொடங்குவதற்கு முன்பே தரவரிசை தொடங்கிவிடுகிறது. ஆனால் ஒன்று: இது பிள்ளைக்கு உடனே தெரிகிறது, நாளைக்குச் சீக்கிரம் எழுந்தால் மாறவும் செய்கிறது. ராத்திரியோடு அழிகிற வரிசை அது.

அதே அறிக்கையில் காம்ப்பெல் இன்னொன்றும் சொல்கிறார். மேல்நிலை மாணவன் கீழ்நிலை மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், சொல்லிக்கொடுப்பதில் தன் பாடமும் உறுதிப்படுகிறது, இங்கிலாந்து இதைப் பார்த்துச் செய்தது சரிதான் என்று பாராட்டுகிறார். நம்ம சட்டாம்பிள்ளைதான் அது. சென்னையில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மலபார்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவனை எழுத்து வகுப்புக்குத் தலைவனாக்கினார். 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது இப்படித்தான்.

நம் இலக்கணக்காரர் இதைப் பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே கணக்காகப் போட்டுவிட்டார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும், உடன் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைத்தால்தான் மிச்ச அரைப் பங்கு என்கிறது நன்னூல் பொதுப்பாயிரம். எம்.ஏ. வகுப்பில் இந்தச் சூத்திரத்தை ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள் நாங்கள். யாருக்கும் எடுத்துரைக்கவில்லை, ஆகவே கால் பங்குதான் தேறியிருக்கும். அதே பாயிரம் இன்னொரு காரியமும் செய்கிறது. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று தரம் பிரிக்கிறது. ஒரு பக்கம் பதிலை வளர்க்கிற வழி, இன்னொரு பக்கம் பதில் சொல்கிறவனுக்கு முத்திரை. இரண்டும் ஒரே பாயிரத்தில் இருக்கின்றன. முத்திரைதான் நம் வாத்தியார்கள் வாயில் தங்கியது. எருமை இன்றைக்கும் வகுப்பறையில் நிற்கிறது.

திண்ணைக் கல்வி வெறும் குருட்டு மனப்பாடம் என்ற தீர்ப்பைக் கணித வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு மறுத்திருக்கிறார். எண்சுவடியும் நெல்லிலக்கமும் குழிமாத்தும் வெறும் வாய்ப்பாடுகள் அல்ல. நினைவிலிருந்து தேவைக்கேற்ப எடுத்துப் போடுகிற பயிற்சி என்பது அவர் வாதம். முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று. இதை வாயாலேயே பெருக்குகிற பிள்ளை நாளைக்கு அறுவடைக் களத்திலோ கணக்கு வேலையிலோ நிற்கப்போகிறவன். நெல்லே விளையாத புன்செய்க் காட்டிலும் நெல்லிலக்கம்தான் படித்தார்கள் என்பது வேடிக்கைதான். நாழியும் குறுணியும் பதக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் அதேதானே.

சோதித்தது யார்? ஊர்தான். நவராத்திரியில் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாட வைத்துக் காசும் தானியமும் வாங்குவார். பிள்ளையின் வாய்தான் வாத்தியாரின் கூலிச்சீட்டு. 'எம் பிள்ளைக்கு வட்டிக்கணக்கு வரலையே' என்று ஒரு சம்சாரி சொன்னால் அந்த வருஷ வரும்படி குறையும். மதிப்பிடுகிறவனும் பணம் கொடுக்கிறவனும் ஒரே ஆள். அவனுக்கு அந்தக் கணக்கு தெரியும், அதன் உபயோகமும் தெரியும்.

இங்கேதான் நம்மாட்கள் கண்ணீர் விட்டுப் பொற்காலம் கொண்டாட ஆரம்பிப்பார்கள். ஊர் என்றால் எந்த ஊர்? திண்ணைக்குத் திண்ணைக்காரர் இருக்கிறார். தெருவுக்குள்ளேயே வர முடியாத பிள்ளையின் பதிலைக் கேட்க அந்த ஊருக்குக் காது இல்லை. மன்றோவின் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். நெருக்கமான, உடனடியான, உபயோகமான அந்தப் பின்னூட்டம் முழுக்கச் சாதியின் வேலிக்குள்ளே நடந்தது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பதிலை வாங்குகிறவர் மாறுகிறார். இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டம், பள்ளிக்கு அரசு தருகிற பணத்தைப் பிள்ளைகளின் வருகையோடும் தேர்ச்சியோடும் கட்டிப்போட்டது. அதே தத்துவம் 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 'ரிசல்ட் கிராண்ட்' என்று பெயர். வருஷத்தில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குக் கேட்பார். தேறிய ஒவ்வொரு தலைக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும் பணம். தேறாத பிள்ளைக்கு ஒன்றுமில்லை. 1882இல் ஹண்டர் கமிஷன், நாட்டுப் பள்ளிகளை ஆதரிக்க இதுவே தோதான வழி என்று சிபாரிசு செய்தது.

1854இல் ராக்லண்ட் சிவகாசிப் பக்கம் கூடாரம் அடித்துத் தொடங்கிய வட திருநெல்வேலி மிஷனும், 1889இல் விருதுநகரில் நாடார்கள் மகமைப் பணத்தில் எழுப்பிய சத்திரிய வித்தியாசாலையும் இந்தக் காலத்தவை. வேலிக்கு வெளியே நின்றவர்கள் தாங்களே பள்ளிக்கூடம் கட்டிக்கொண்ட காலம் அது. பஞ்சமர் கல்விக்கான சலுகைகளை அறிவித்த அரசாணை 1893இல் வந்தது. இந்த இடத்தில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். அவருக்கு அந்தப் பிள்ளை இன்னார் மகன் என்பது தெரியாது, அல்லது தெரிந்தாலும் கூட்டல் சரியென்றால் சரி என்று போட வேண்டிய கட்டம் அவர் கையில் இருந்தது. நம் சமூகத்தில் முதல்முறையாக ஒரு பதில், சொன்னவனின் பிறப்பிலிருந்து கொஞ்சமேனும் பிரித்தெடுக்கப்பட்டது அந்தக் கட்டத்தில்தான். பரிட்சையின் மேல் நம் ஜனங்களுக்கு இன்றும் இருக்கிற நம்பிக்கை மூடநம்பிக்கை அல்ல. அது இங்கிருந்து வருவது.

அதற்குக் கொடுத்த விலை வேறு. ஃபூக்கோ 1975இல் எழுதிய 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் பரிட்சையை, மேலிருந்து பார்க்கிற கண்ணும் இயல்பு எது என்று தீர்ப்புச் சொல்கிற வாயும் ஒன்றுசேர்கிற சடங்கு என்று காண்கிறார். ஒவ்வொரு தனிமனிதனையும் அது ஒரு கோப்பாக மாற்றுகிறது. ரிசல்ட் கிராண்டில் நடந்தது அதற்கும் ஒரு படி மேல்: பிள்ளை கோப்பு மட்டுமல்ல, பில்லும் ஆனான். தேறுகிற பிள்ளையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும், தேறாது என்று தெரிந்ததை ஓரத்தில் உட்காரவைப்பதும் வாத்தியாருக்கு வயிற்றுப்பாடு. கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மாத்யூ அர்னால்டு, இது படிப்பை எந்திரமாக்குகிறது என்று இங்கிலாந்தில் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். அங்கே 1890களில் கைவிட்டார்கள். இங்கே கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் பரிட்சை மோகத்தைக் கண்டித்த பிறகுதான் அது ஓய்ந்தது. முறை போனது, பழக்கம் போகவில்லை.

எட்டயபுரத்தில் பதினோரு வயசில் 'பாரதி' பட்டம் வாங்கிய சுப்பிரமணியன், அதே வயசுக் காலத்தில் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்குப் போனான். சமஸ்தானத்துப் புலவர் சபை ஒரு விதமாகக் கேட்டது, பள்ளிக்கூடம் வேறு விதமாகக் கேட்டது. பின்னாளில் தன் சுயசரிதைக் கவிதையில் அவன் ஆங்கிலப் படிப்புக்குத் தகப்பனுக்கு ஆன செலவையும் தனக்கு வந்த கேட்டையும் பேரேடு போல எதிரெதிரே வைக்கிறான். இன்னொருவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்தேன் என்கிற பொருளில் அவர் சொன்னது தமிழ்நாடே அறிந்தது. 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே இதன் கூர்மையை மழுக்கிவிட்டோம்.

*

ரிசல்ட் கிராண்ட் ஒழிந்த கொஞ்ச காலத்தில், தலைக்கு இவ்வளவு என்ற அதே கணக்கு கரிசல் பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் வேறு வாசல் வழியாக நுழைந்தது. 1923 வாக்கில் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். குச்சி அடுக்கினால் கட்டைக்கு இத்தனை, பெட்டி ஒட்டினால் குரோசுக்கு இத்தனை. 1980களின் தொடக்கத்தில் விடியுமுன் ஊர் ஊராக வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிப்போனதைப் பத்திரிகைகள் எழுதின. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று பிறகு வந்தன. அந்த வண்டிகள் ஓடிய காலத்துப் பிள்ளைகள்தான் இன்று அறுபதை நெருங்குகிற பெண்கள்.

என் ஆச்சி ஆபீஸில் கட்டை அடுக்கியவள். கைதான் கணக்கு வைக்கும், கண் இல்லை என்பாள். சரியாக அடுக்காத கட்டை அப்போதே திரும்பி வரும். எங்கே பிசகு என்று காட்டத் தேவையில்லை, கையே கண்டுபிடித்துவிடும். கற்றல் ஆய்வுக்காரன் கேட்டால் இதைவிட உடனடியான, இதைவிடத் துல்லியமான பின்னூட்டம் கிடையாது என்பான். பிசகியதற்குக் கூலி கிடையாது என்பதையும் அவன் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. இந்த மண்ணின் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் போன்றவர்கள் நெல்லைப் பக்கம் அதில் முழுமூச்சாக நின்றார்கள். அறிவொளிப் பாடப்புத்தகங்கள் மூன்று. தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த முறைப்படி ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் மூன்று மூன்றாக ஒன்பது சோதனைகள் புதைந்திருக்கும். படிக்கிறவர் தானே போட்டுப் பார்த்து, தான் எங்கே நிற்கிறோம் என்று தானே அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பாவ்லோ ஃப்ரெய்ரே பெயரைச் சொல்லிப் பேசிய காலம். ராத்திரி எட்டு மணிக்குத் தெருவிளக்கடியில் கூட்டம் உட்காரும். முதல் சோதனை நாளன்று ஆச்சி பென்சிலைப் பிடித்துக்கொண்டு தொண்டராக வந்த பெண்ணிடம் கேட்டாளாம்:

'ஏ தாயி, தப்பாப் போட்டா கூலியில பிடிச்சுக்கிருவாகளா?'

எங்கள் வீட்டில் இது சிரிப்புக்கதை. எனக்கு இது கல்வி வரலாற்று ஆவணம். பதில் என்றால் அதற்கு விலை உண்டு, தப்பு என்றால் பிடித்தம் உண்டு என்பதை ஐம்பது வருஷமாகக் கை அறிந்திருக்கிறது. பிடிக்கமாட்டார்கள் என்று உறுதியான பிறகுதான் அவள் எழுதினாளாம். தப்பாகத்தான் எழுதினாள். 'ழ' வரவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைத்தாள். சோதனைக்குள்ளேயே பாடம் நடந்துவிட்டது. மாவட்ட அளவில் மதிப்பிட வந்தவர்கள் இத்தனை பேரில் இத்தனை விழுக்காடு தேர்ச்சி என்ற கேள்வியோடு வந்தார்கள், அதற்கு விடை கொடுத்து அனுப்பினார்கள். மாவட்டங்கள் 'முழு எழுத்தறிவு' என்று அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பில் 'ழ'வுக்கு இடமில்லை.

*

ஆச்சியின் கேள்விக்கு ஆய்வுலகில் ஒரு பதில் இருக்கிறது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு எழுதியதைப் பற்றிய குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள், ஆர்வமும் அவர்களிடமே நிலைத்தது. மதிப்பெண்ணோடு குறிப்பும் கொடுத்தால் குறிப்பு வேலை செய்யவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. 1996இல் குளூகரும் டெனிசியும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியில் உதவினாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இடங்களில் செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் செய்கிற வேலையை விட்டு 'நான் எப்பேர்ப்பட்டவன்' என்பதன் பக்கம் திரும்புகிறபோது பின்னூட்டம் வலுவிழக்கிறது என்பது அவர்கள் கண்டது. நன்னூலின் எருமையை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்கலாம்.

இந்த ஆய்வுகளை அப்படியே இறக்குமதி செய்து 'மார்க்கை ஒழி' என்று கோஷம் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. 1985இல் தனி மாவட்டமான விருதுநகர், ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டில் பெரும்பாலும் மாநிலத்தில் முதலாவதாக வந்தது. வற்றாத ஆறு இல்லை, மழையும் குறைவான பூமி. இங்கே மார்க் என்பது பஸ் டிக்கெட். ஆபீஸ் வண்டி ஏறாமல் இருப்பதற்கான டிக்கெட். குறிப்பு எழுதிக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரிக் கவுண்டரில் நிற்பது? எண் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. அந்நியரிடம் பிள்ளைக்காகப் பேசியது அந்த எண்தான் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் ஒரே சிவப்பு மையில் செய்ய முயல்வதுதான் வில்லங்கம்.

நடந்த சீர்திருத்தங்கள் இந்த வில்லங்கத்தைச் சுற்றியே வந்தன. ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளின் அட்டைமுறையிலிருந்து எடுத்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தது. பிள்ளை தானே அட்டையை எடுத்து, ஏணிப்படத்தில் தான் நிற்கிற படியைத் தானே பார்த்துக்கொள்ளலாம். வாத்தியார் தரையில் உட்கார்ந்தார், அது சின்ன விஷயமில்லை. பிறகு 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவமும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கே 40 மதிப்பெண் என்று ஆனது. குறிப்பாக இருக்க வேண்டியதை எண்ணாக்கி, எண்ணைப் பதிவேடாக்கி, பதிவேட்டை நிரப்புவதில் ஆசிரியர்களின் நேரம் போனது. 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கம் நின்றது. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர். எருமையிலிருந்து அரும்புக்கு வந்தது முன்னேற்றம்தான். அரும்பு என்பது பிள்ளையின் பெயரா, பிள்ளை இன்று நிற்கிற படியின் பெயரா என்பதை வகுப்பறைதான் தீர்மானிக்கும்.

2020 ஜூனில் கொரோனா காரணமாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்து, காலாண்டு அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 என்று கணக்கிட்டு, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ச்சி ஆக்கினார்கள். அப்போதுதான் பழைய விடைத்தாள்களுக்கு ஒரு தேவை வந்தது. ரேங்க் கார்டையும் விடைத்தாளையும் ஒப்படைக்கச் சொல்லிப் பள்ளிகள் தேடின. எங்கள் தெருப் பையன் ஒருவனுடைய காலாண்டுத் தமிழ்த் தாள், தங்கச்சியின் கணக்கு நோட்டுக்கு அட்டையாகப் போயிருந்தது. பிரித்தெடுத்து, மடிப்பை நீவிக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் வாங்கிப் பார்த்தேன். ஐந்து மார்க் கேள்வி ஒன்றுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். ஓரத்தில் சிவப்பு மையில் 3 போட்டு வட்டம். 'மிச்சம் ரெண்டு எதுக்குலே போச்சு?' என்று கேட்டேன். 'தெரியலண்ணே, அன்னைக்கும் தெரியல' என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் பூட்டிருவாக என்று சைக்கிளை எடுத்தான்.